மிளகாயின் பால்பற்கள்

ஆய்வகத்தில் ஊசி இறங்குவதே தெரியாமல் இரத்தம் எடுப்பாள் என்று பெயர் வாங்கியவள் அவள். அழுகிற குழந்தைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். அந்தக் கைகள் ஒரு மாதமாகப் பார்க்கச் சகிக்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல். புண் ஆறும்வரை நோயாளிகள் பக்கம் போக வேண்டாம், குழாய்களில் பெயர் ஒட்டுங்கள் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

கீறியது அண்ணன் தூக்கிவந்த நாய்க்குட்டி. தொட்ட இடமெல்லாம் எரிகிறதென்று மிளகாய் என அவரே பெயர் வைத்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அண்ணி போய்ச் சேர்ந்தபின் தங்கையோடு வந்துவிட்டார். இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து வண்டியைத் தொடக் கூடாது; இரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. சவரக்கத்தி லேசாகக் கீறினாலும் அரைமணி நேரம் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எட்டு மாதம் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தவர், ஒருநாள் பழைய லாரிப் பட்டறை வாசலில் தாயைப் பறிகொடுத்துக் கத்திக்கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் அவளுக்கு முன்பே எழுந்தார். வாய்விட்டுப் பேசினார். அதனாலேயே அவளால் அதை விரட்ட முடியவில்லை.

அவள் பண்ணாத வைத்தியமில்லை. அதட்டினாள். மூக்கில் தட்டினாள், விளையாட்டென்று நினைத்து இன்னும் பாய்ந்தது. வேப்பெண்ணெயைக் கையில் தடவினாள், நக்கிவிட்டுக் கடித்தது. கடைசியில் கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். அந்த அம்மாள் நகங்களின் கூர்முனையை வெட்டிவிட்டுப் பொறுமையாக விளக்கினார். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கும். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"இனி நீங்கதாம்மா அதுக்குக் கூடப்பிறந்தவங்க. பல்லு பட்டா உதறாதீங்க, அடிக்காதீங்க. விளையாட்டை நிறுத்திட்டு எழுந்து வெளிய போயிடுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, கடிக்க வேற ஏதாவது குடுங்க. ஆனா வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அண்ணன் கட்டுப்படுவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பல் பட்டதும் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு மாலையில் மட்டும் பதினேழு தடவை. அடுப்பில் வைத்தது அடிபிடித்ததுதான் மிச்சம். அண்ணனோ அவள் வேலைக்குக் கிளம்பிய கையோடு விரல்களை ஆட்டிக் குட்டியை வம்புக்கு இழுப்பார். கேட்டால், பல் முளைக்கிற பிள்ளையைப் போய்க் கோபிக்கிறாயே என்பார்.

ஒருநாள் அவள் வீடு திரும்பியபோது அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்கையில் சுற்றியிருந்த துண்டு சிவப்பாய் ஊறியிருந்தது. விளையாட்டு மும்முரத்தில் பல் ஆழமாக இறங்கிவிட்டதாம். இரண்டு மணி நேரமாக இரத்தம் நிற்கவில்லை. உனக்கெதற்குத் தொந்தரவு என்று கூப்பிடவில்லையாம்.

மருத்துவமனையில் தையல் போட்டார்கள், வெறிநாய்க்கடி ஊசி போட்டார்கள், ஐந்து நாள் படுக்க வைத்தார்கள். அடுத்த தடவை இவ்வளவு லேசாக முடியாது என்றார் டாக்டர்.

கூட வேலை பார்ப்பவள் ஒருத்தி குட்டியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தாள். அவள் அட்டைப்பெட்டியில் துணி விரித்துத் தயாராக வைத்துவிட்டு, அண்ணனிடம் சொல்ல வார்டுக்குப் போனாள்.

"குடுத்துடும்மா. உனக்கு நான் ஒருத்தன் பாரமா இருக்கிறது போதாதா?" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த முதுகை எட்டு மாதம் பார்த்தவள் அவள். வீட்டுக்கு வந்து பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள். குட்டி ஓடிவந்து அவள் விரலைக் கவ்வியது. கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் எழுந்து குளியலறைக்குப் போனாள்.

மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் குட்டியைப் பழக்குவதிலேயே செலவழித்தாள். பதினேழு தடவை பன்னிரண்டானது, பிறகு ஒன்பது. அண்ணன் வீட்டுக்கு வந்ததும் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ரத்தம் பார்க்கிறது என் தொழில்ண்ணா. ஆனா உன் ரத்தத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. விரலை ஆட்டி விளையாடுறதுன்னா இப்பவே சொல்லிடு."

அவர் அவளுடைய கைகளை அன்றுதான் சரியாகப் பார்த்தார்.

அன்று மாலை குட்டி அவர் கையைக் கவ்வியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். கதவுக்குப் பின்னால் அது அழுதது. இவரும் அழுதார். திறக்கப்போன கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாளாக ஆகக் கடி வெறும் எச்சிலாகக் குறைந்தது. எகிறிக் குதித்துக் கீறுவது மட்டும் போகவில்லை. அதற்காக அவர் தடித்த முழுக்கைச் சட்டையோடே இருந்தார். அவளும் ஊசிக்குத் திரும்பினாள். ஆனால் வேலை நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தால் உயிர் போய் உயிர் வரும்.

நேற்றும் வந்தது. இன்றைக்கு ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.

"எங்கயாவது கீறியிருக்கான்னு புறங்கையையும் பார்த்துச் சொல்லுண்ணா," என்றாள். அவர் பார்த்துச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டு, புது ஊசியை எடுத்துக்கொண்டு அடுத்தவரை உள்ளே கூப்பிட்டாள்.