அப்பா உருவிய கயிறு

டெலானிபூர் அரங்கில் பேரிடர் ஆயத்தம் குறித்துப் பேச நான் எழுந்தபோது, தீவெங்கும் சுனாமி ஒத்திகைச் சங்கு ஒலித்தது. சொற்கள் எனக்காகக் காத்திருப்பதே வழக்கம். அன்று நான் சொற்களுக்காகக் காத்து நின்றேன்.

எங்கள் வண்டூர் வீட்டுக் கதவருகே ஆணியில் ஓர் அவசரகாலப் பை தொங்கும். டார்ச், பிஸ்கட், ஞானஸ்நானச் சான்றிதழ்கள், நைலான் கயிறு எல்லாம் அதில் இருக்கும். மழைக்காலம் முழுவதும் பூஞ்சை மணக்கும் அதை, வெயில் கண்டதும் அம்மா பிரித்து உலர்த்துவார். என் சிறுவயதில் ஒரு நண்பகலில் நிலம் அதிர்ந்து, சங்கு ஊதியது. அம்மா பையோடு எங்களையும் வாரிக்கொண்டு மேட்டை நோக்கி விரைந்தார். மீனவரான அப்பா, பையிலிருந்த கயிற்றை மட்டும் உருவிக்கொண்டு, தன் படகு கிடந்த கடற்கரைப் பக்கம் திரும்பினார்.

"போட்ட இறுக்கிக் கட்டிட்டு வந்துர்றேன், ஸ்டெல்லா."

"போட்டு போனாப் போவுது. பிள்ளைங்களப் பாருங்க."

"போட்டு போச்சுன்னா பிள்ளைங்கள எதை வச்சுப் பாக்குறது?"

அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஏறினார். மேட்டில் நாங்கள் செபமாலை சொல்ல, கீழே அப்பா சிறு புள்ளியாய்ப் படகைத் தென்னையில் கட்டிக்கொண்டிருந்தார். கடல் அன்று பொங்கவில்லை. மாலையில் ஏறி வந்தவர் சிரித்தார்: "பானியே வரல. சும்மா ஹல்லா, வெத்துக் கூச்சல்."

அந்தச் சிரிப்பே என்னை அச்சுறுத்தியது. எத்தனையோ பட்டிமன்ற மேடைகளில் எதிரணியை மடக்கிய என்னால், படகைப் பற்றி அன்று அம்மாவிடம் அவர் கேட்ட கேள்வியை வெல்ல இயன்றதில்லை.

உரையை முடித்து, கைதட்டல் ஓயுமுன் வெளியே வந்து அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சங்கு கேட்டுச்சாப்பா? மேட்டுக்குப் போனீங்களா?"

"மாக் டிரில்தானே, தம்பி."

"நிஜமா வந்தா?"

"பயப்படாத. அம்மாவ மேல ஏத்தி விட்டுட்டுத்தான் கரைக்குப் போவேன்."