கமிஷன் முன்னால் உருண்ட வீடு

சக்கரம் வைத்த வீடு வாங்குகிறவன் முதலில் தரையில் படுத்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அச்சு வளைந்திருக்கிறதா, அடிப்பலகை ஊறிப்போயிருக்கிறதா, டயரின் பக்கவாட்டில் வெடிப்பு உண்டா என்று பார்த்த பிறகு உள்ளே ஏறி, கூரையின் நான்கு மூலைகளிலும் மழைக்கறை தேட வேண்டும். அலமாரிகளைக் கடைசியில் பார்த்தால் போதும். நான் அலமாரிகளை முதலில் பார்த்தேன். பதினொன்று இருந்தன. ஜன்னல்கள் நான்கு, சட்டை மாட்டும் கொக்கிகள் இருபத்தாறு. என்னிடம் சட்டைகள் ஐந்துதான் இருந்தன என்பதை அப்போது யோசிக்கவில்லை.

பூதப்பாண்டிக்கு மேலே மலையில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், நாடு சுதந்திரம் அடைந்த பிறகு எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். விற்றவற்றுள் இது ஒன்று. கோடைக்காலத்தில் இதைத் தன் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய், முட்டம் கடற்கரையில் ஒரு வாரம் தங்குவாராம். மலைமேல் ஒன்பது அறை பங்களா வைத்திருந்த மனிதர் எதற்காக ஆறடி அகலப் பெட்டிக்குள் போய்ப் படுத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் அதை வாங்கியதற்குக் காரணம் வேறு. என்னிடம் கார் கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது. தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை. கோயிலை ஒட்டிய தெருவில் வாடகைக்கு ஒற்றை அறை. சொந்தமாக எனக்கு இருந்தது ஒரு வழக்குதான். எங்களுடையது பழைய மருமக்கவழிக் குடும்பம்; சொத்து பெண் வழியாக இறங்கும். பூதப்பாண்டியில் அம்மை வழியில் வந்த பதினெட்டு சென்ட் மனையில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மனையின் ஓரத்தில் இருந்த பழைய வீட்டில் என் பெரியம்மை மகன், எனக்கு அண்ணன் முறை, குடியிருந்தார். வழக்கு தீரும்வரை அந்த மனையில் யாரும் புதிதாகக் கட்டடமோ குடிசையோ கொட்டகையோ எழுப்பக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டிருந்தது. அவருக்கு ஏற்கெனவே வீடு இருந்ததால் அந்த உத்தரவு அவரை ஒன்றும் செய்யவில்லை. என்னைத்தான் வெளியே நிறுத்தியது. நிலத்தில் கால் வைக்காதவனுக்கு அனுபவ பாத்தியம் போய்விடும் என்று வக்கீல் வேறு பயமுறுத்திக்கொண்டிருந்தார்.

உத்தரவை மூன்று முறை வாசித்தேன். வண்டி நிறுத்தக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

தோட்டத்து லாரியே அதை மலையிலிருந்து இழுத்து வந்து எங்கள் மனையில் விட்டுவிட்டுப் போனது. அண்ணன் முற்றத்தில் வந்து நின்று பார்த்தார்.

“என்னல இது?”

“வண்டி.”

“மாட்டை எங்கல?”

“மாடு பிறகு வரும்.”

“கொள்ளாம்,” என்றார் அண்ணன். “மாடு வாறதுவரைக்கும் நீ உள்ள இருந்து புல்லுத் தின்னு.”

என் மனைவியிடம் நான் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வாசலில் நின்று சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுலயா குடியிருக்கணும்?”

“இது வீடுதாம்ட்டி. நாலு ஜன்னல் இருக்கு பாரு. சக்கரத்தைத் தூணுன்னு நெனச்சுக்க.”

“வீடுன்னா பால் காய்ச்சணும்.”

பால் காய்ச்சினால் வழக்குக்குக் கெடுதல் என்று எனக்குப் பட்டது. ஆனால் வீடு என்று சொல்லிவிட்ட பிறகு அதைத் தடுக்க வழியில்லை. அவள் பால் காய்ச்சினாள். அண்ணனும் வந்து இரண்டு டம்ளர் குடித்தார். மறுநாள் காலையில் மனையில் இருந்த கிணற்றடிக்குப் போனவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். வாளியையும் கயிற்றையும் அண்ணன் தன் வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்தார்.

அன்றிலிருந்து தண்ணீருக்குக் கால்வாய்தான். குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாவற்றுக்கும். கால்வாயில் தண்ணீர் விடாத மாதங்களில் அவள் தெருவின் மறுகோடியில் இருந்த வீட்டுக்காரர்களிடம் போய் நின்றாள். அவளுக்குத் தாய்வீட்டுப் பங்காக வடசேரியை அடுத்து எட்டு சென்ட் தோட்டமும் அதில் ஒரு கிணறும் வந்திருந்தன. முகம் பார்க்கும்படி தண்ணீர் தெளிந்து கிடக்கும் கிணறு என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

“இத அங்க கொண்டுபோயி நிறுத்துவோம். தண்ணிக்கு நான் ஆரு வாசல்லயும் போயி நிக்காண்டாம்.”

“வீட்டை எப்பிடிட்டி இழுத்துட்டுப் போக?”

“சக்கரம் இருக்குல்லா?”

“அது உருளாது. ஆறு மைலு. பாதி வழியில அச்சு ஒடிஞ்சா நடுரோட்டுல அடுப்பு மூட்டணும், பாத்துக்க.”

இதை அவள் மாதத்துக்கு இரண்டு தரமாவது கேட்டாள். நானும் அதே பதிலையே சொன்னேன். கிணறு கிடைக்கும், ஆனால் மனை போய்விடும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், போகட்டும் என்பாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. எங்கள் பக்கத்தில் மழை வருஷத்துக்கு இரண்டு தடவை என்பதால் நான்கு மழைக்காலம். இந்த மாதிரி வண்டியை நிறுத்திப் போட்டால் செய்ய வேண்டியவை சில உண்டு. சக்கரத்தில் பாரம் இறங்காமல் அச்சுக்குக் கீழே கல் கொடுக்க வேண்டும். டயரில் வெயில் படாமல் முடைந்த ஓலை சார்த்த வேண்டும். கூரை ஒட்டப்பட்ட இடங்களில் வருஷத்துக்கு ஒரு தடவை கீல் என்கிற தாரை உருக்கி ஊற்ற வேண்டும். இவற்றில் ஒன்றையும் நான் செய்யவில்லை. கூரை ஏழு இடத்தில் ஒழுகியது. அவள் ஏழு பாத்திரம் வைத்தாள். கூரைமேல் ஒரு சுரைக்கொடியையும் ஏற்றிவிட்டாள். சக்கரங்கள் கால்வாசி மண்ணுக்குள் இறங்கின. சிதல் ஏறி வலப்பக்கத்து அலமாரிகளில் இரண்டைத் தின்று தீர்த்தது. மிச்சம் ஒன்பது.

அப்போதுதான் அண்ணன் கோர்ட்டில் மனுக் கொடுத்தார். எதிர்த்தரப்பு வண்டி என்ற பெயரில் வீடு வைத்திருக்கிறது; அடுப்பு எரிகிறது, வாசலில் கோலம் இருக்கிறது, கூரையில் சுரைக்காய் காய்க்கிறது, முறைப்படி பால் காய்ச்சியதை மனுதாரரே கண்டிருக்கிறார். கண்டதை எழுதியவர் குடித்ததை எழுதவில்லை. கோர்ட் ஒரு இளம் வக்கீலைக் கமிஷனாக நியமித்து, நேரில் போய்ப் பார்த்து எழுதச் சொன்னது. வண்டி என்று அவர் எழுதினால் நான் இருக்கலாம். வீடு என்று எழுதினால் வண்டியும் போய்விடும், நிலத்தில் நான் ஊன்றியிருந்த காலும் போய்விடும்.

கமிஷன் வர இரண்டு வாரம் இருந்தது. சுரைக்கொடியை அறுத்தேன்.

“ஒம்பது பிஞ்சு கெடந்தது,” என்றாள்.

“வண்டியில பிஞ்சு இருக்கப்பிடாது.”

“வீடுன்னுல்லா சொன்னிய?”

“கோர்ட்டுக்கு வண்டி.”

அவள் அறுத்த கொடியை வாரிக்கொண்டு போனாள். நான் அடியில் புகுந்து படுத்தேன். வாங்குகிற அன்று பார்த்திருக்க வேண்டியதையெல்லாம் அன்றுதான் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றிய மண்ணைத் தோண்டி எடுத்தேன். துருப்பிடித்த பத்து நட்டுகளுக்கும் மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றினேன். வடசேரி பஸ் நிற்கிற இடத்தில் பழைய டியூப் ஒட்டுகிறவரைக் கூட்டி வந்து இரண்டு டியூபையும் ஒட்டவைத்தேன். நெல் மில்லில் கெஞ்சி ஒரு டப்பா கிரீஸ் வாங்கி வந்து அச்சில் அப்பினேன். ராத்திரி அது என் தலையணை உறையில் இருந்தது.

“கூரையையும் ஒரு கை பாத்துரலாமே,” என்றாள்.

“கூரையை ஆரும் கேக்கல. உருளுமான்னுதான் கேக்கான்.”

இரண்டு ஜோடி மாடு வைத்திருந்த வண்டிக்காரர் ஒருவரைப் பேசி வைத்தேன். காரில் மாட்டுகிற முன் கம்பியோடு நீளமான பூவரசங்கட்டை ஒன்றைச் சேர்த்துக் கட்டி, அதில் நுகத்தடி வைக்கலாம் என்றார். ஆனால் இரண்டே சக்கரத்தில் உருள்கிற வண்டி; முன்னால் இருந்த சின்னச் சக்கரம் நிறுத்தும்போது தாங்க மட்டும்தான். பின்பக்கம் பாரம் கூடினால் முன்பக்கம் நுகத்தடியோடு மேலே தூக்கிக்கொள்ளும். “முன்னால பாரம் வைக்கணும் பாத்துக்கிடுங்க,” என்றார். நான் அதை என் மனைவியிடம் சொன்னேன்.

இந்த ஒரு விஷயத்தில் அவள் காட்டிய அக்கறை என்னை ஆச்சரியப்படுத்தியது. கமிஷன் வரும் நாள் காலையில் அரிசிப் பானை, அம்மி, குழவி, பித்தளைக் குடங்கள் மூன்று, டிரங்குப் பெட்டிகள் இரண்டு எல்லாவற்றையும் முன்பக்கம் அடுக்கினாள். வெளியே கிடந்த துணிக் கொடியை அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள். கருவேப்பிலைக் கன்றைக்கூட மண்ணோடு தோண்டி ஓட்டைச் சட்டியில் வைத்து ஏற்றினாள். கன்றில் என்ன பாரம் இருக்கப் போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் ஒத்தாசை செய்கிறவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வண்டிக்காரரிடம், ரோட்டில் பாலம் வேலை முடிந்துவிட்டதா என்று அவள் விசாரித்ததும் காதில் விழுந்தது.

கமிஷன் வக்கீல் குடையும் தோல்பையுமாக பஸ்ஸில் வந்து இறங்கினார். தக்கலைக்கு மேற்கே ஊர்; பேச்சில் மலையாளம் இழையும். நான்கு புறமும் சுற்றிப் பார்த்தார்.

“இது எப்பவாவது நீங்கியதுண்டா?”

“மலையில இருந்து வந்துது சார்.”

“அது வந்தது. பிறகு?”

“வேணும்போது நீங்கும்.”

“இப்போ ஒரு இருபதடி நீங்கினா மதி,” என்று என் வாசற்படிக் கல்லில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார்.

அண்ணன் மார்பில் கை கட்டி நின்றார். “ஏலே, சுரைக்கா காய்ச்ச வண்டியை நான் இப்பதான் பாக்கேன். மாடு செத்துரப் போகுது, பாத்து!”

வண்டிக்காரர் குரல் கொடுத்தார். மாடுகள் முன்னங்காலை ஊன்றின. வண்டி அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் உள்ளே பித்தளைக் குடங்கள் ஒன்றோடொன்று மோதின. மூன்றாவது இழுப்பில் சக்கரம் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உருண்டது. குழியை விட்டு ஏறியது, முற்றத்தைக் கடந்தது, மதில் இல்லாத இடத்தின் வழியாக ரோட்டில் போய் நின்றது. நாற்பதடிக்குக் குறையாது. என் கண்ணில் நீர் வந்தது. கிரீஸ் பட்ட கையால் துடைத்ததால் இன்னும் வந்தது.

“வண்டி தான்,” என்று கமிஷன் எழுதத் தொடங்கினார்.

அண்ணன் மார்பில் கட்டிய கையை அவிழ்த்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் வண்டியின் முன் ஜன்னல் திறந்தது. உள்ளே என் மனைவி இருந்தாள்.

“அண்ணாச்சி, மாட்டை அவுக்காண்டாம்,” என்றாள் வண்டிக்காரரிடம். “அப்பிடியே வடசேரிக்கு விடுங்க.”

“ஏட்டி, எறங்கு!” என்று ஓடினேன். “அது அவ்வளவு தூரம்...”

கமிஷன் பேனாவைத் தூக்கினார். “என்ன, போகாதா?”

அண்ணனும் என்னையே பார்த்தார். போகாது என்றால் வண்டியில்லை. வீட்டை எங்கே கொண்டு போகிறாய் என்று கேட்டாலும் வண்டியில்லை. இரண்டு வருஷமாக அவளிடம் சொன்ன பதில் ஒன்றையும் அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை.

“போகும்,” என்றேன்.

“வடசேரி வரைக்கும்?”

“அவங்கதான் சாரே போகும்னு சொல்லுகாங்க,” என்றாள் ஜன்னலிலிருந்து. “பெறகு நீங்க எழுதுங்க.”

கமிஷன் எழுதினார். மாடுகள் நகர்ந்தன. ரோட்டோர ஓடையில் பின்பக்கம் கொஞ்சம் தட்டியது. அப்போது அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, தோளைக் கொடுத்துத் தள்ளிவிட்டார். என் வாழ்நாளில் அவர் எனக்குச் செய்த ஒரே உதவி அது.

நான் என் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒவ்வொரு மேட்டிலும் அச்சு ஒடியும் என்று எதிர்பார்த்தேன். ஒடியவில்லை. நான் அப்பிய கிரீஸ் அவ்வளவும் ஆறு மைலுக்கும் போதுமானதாக இருந்தது. டியூபும் வெடிக்கவில்லை. ஒட்டியவர் கெட்டிக்காரர். வழியில் நாலைந்து பேர், சர்க்கஸ் எங்கே இறங்குகிறது என்று கேட்டார்கள்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் இறங்கி நேரே கிணற்றுக்குப் போனாள். முதல் வாளி மாடுகளுக்கு, அடுத்தது வண்டிக்காரருக்கு. மூன்றாவதைத் தான் குடித்துவிட்டு மிச்சத்தை எனக்குக் கொடுத்தாள். தெளிந்த தண்ணீர்தான். அதை நான் மறுக்கவில்லை.

“நாளைக்கே திரும்பப் போகணும்ட்டி. எடத்தை விட்டா போச்சு.”

“போறதுன்னா நீங்க போங்க. இது வீடு. வீட்டை எப்பிடி இழுத்துட்டுப் போக?”

மறுநாள் கச்சேரிக்கு பஸ்ஸில் போகும் வழியில் இறங்கி எட்டிப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் அண்ணன் வைக்கோல் போர் போட்டிருந்தார். வக்கீலிடம் ஓடினேன். அவர் உத்தரவை எடுத்து ஒரு தடவைதான் வாசித்தார். கட்டடம், குடிசை, கொட்டகை. “வைக்கோலு இதுல இல்லையே ஓய்,” என்றார்.

வழக்கு அதன்பிறகும் நடந்தது. திருவிதாங்கூர்–கொச்சியில் தொடங்கியது சென்னை ராஜ்யத்தில் தொடர்ந்தது. ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்கள் ராஜ்யம் மாறின. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. கூரைக்குக் கீல் ஊற்றினேன். ஏழு இடத்தில் ஆறு அடைபட்டது. ஒன்று இன்னும் ஒழுகுகிறது.

மனை விஷயம் முடியும்வரை சக்கரத்தைக் கழற்ற வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். டயர் நிலத்தில் பட்டு நின்றால் கெட்டுப்போகும், அச்சுக்குக் கல் கொடுத்துக் கழற்றித்தான் வைக்க வேண்டும் என்று நான் சொன்னதையே என்னிடம் திருப்பிச் சொன்னாள். அது சரிதான். கொத்தனாரை வரவழைத்துக் கல் கட்டி, சக்கரங்களைக் கழற்றி, ஓலையில் சுற்றித் தன் கட்டிலுக்கு அடியில் போட்டாள். இரண்டு பெரியது, முன்னால் தாங்குகிற சின்னது ஒன்று. மாதம் ஒரு தடவை நான் குனிந்து பார்ப்பேன். மூன்றும் இருக்கும்.