நைனா தேர்ந்தெடுத்த நர்சிங் ஹோம்

எங்கள் நைனாவுக்குப் பாரிச வாயு வந்தபோது நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டாள். அண்ணன் ரங்கூனில் வேலை. நான் சின்ன வயசிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். என்னைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியது நைனாதான். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோதெல்லாம் அவர் காது கேட்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

நைனா சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கிணறுகள், ஓட்டல் அடுப்பங்கரைகள், கசாப்புக் கடைகள், சாக்கடைகள் எல்லாவற்றுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்த மனுஷர். அவர் வருகிறார் என்றால் லஸ் பக்கத்துக் காபி கிளப்புகளில் அவசர அவசரமாகப் பாத்திரம் தேய்ப்பார்கள் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது இடது பக்கம் மொத்தமாகச் சாய்ந்து விழுந்தார். உயிர் தப்பியது. இடது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் தேடி எடுத்துத்தான் பேசுவார். ஆனால் புத்தியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைத்தேன். நல்லவன் போலத்தான் தெரிந்தான். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் நைனா கட்டிலுக்குக் கீழே தரையில் கிடக்கிறார். அந்த ஆளைக் காணோம். தண்ணீர் எடுக்க நைனா தானே புரண்டபோது விழுந்திருக்கிறார். கழுத்தெல்லாம் எறும்பு கடித்துத் தடித்திருந்தது. நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லி அழுதேன்.

"விடக் கூடாது," என்றார் நைனா. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நர்சிங் ஹோம் பாரு. இல்ல. நானே பாக்கறேன்."

சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்து அன்றைக்கே வந்துவிட்டார். பெற்ற அப்பனை நர்சிங் ஹோமில் கொண்டுபோய்த் தள்ளுவதா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் தலை குனிந்து நின்றேன்.

நைனா கட்டிலிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டார். "நாலு பேர்ல ஒருத்தனை இங்க வந்து என்னைப் புரட்டிப் போடச் சொல்லு. நான் போகல."

சித்தப்பா மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு ரிக்ஷாவைப் பேசி, நைனாவைச் சுற்றிலும் தலையணை வைத்து உட்கார வைத்தோம். பழுப்புக் கோட்டைப் போட்டுவிடச் சொன்னார். வேலைக்குப் போன காலத்தில் போட்ட கோட்டு அது. செயலற்ற கையை அந்தக் கோட்டுக்குள் நுழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் முதலில் சொன்னது மாம்பலத்தில் ஒரு நர்சிங் ஹோம். தியாகராய நகர் என்று புதுப் பெயர் வைத்திருந்தாலும் நாங்களெல்லாம் மாம்பலம் என்றுதான் சொல்வோம். ஏரி இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அந்தக் கட்டடமும் புதுசு, மாடி வைத்தது, தரையெல்லாம் பளபளப்பு. உள்ளே நுழைந்ததும் பினாயில் வாசனை கண்ணைக் கரித்தது. எவ்வளவு சுத்தம் என்று நான் நினைத்தேன். நைனா மூக்கைச் சுருக்கினார்.

"இவ்ளோ பினாயில் கொட்டினா, அடியில வேற ஏதோ நாத்தம் இருக்கு," என்று என் காதில் சொன்னார்.

நடக்க முடியாதவர்களுக்கெல்லாம் மாடியில் அறை. மாடிப்படி குறுகலாக இரண்டு இடத்தில் திரும்பியது. "தீப்பிடிச்சா எங்களை எப்படி இறக்குவீங்க?" என்று நைனா கேட்டதை நான் மானேஜருக்குத் தெளிவாகத் திருப்பிச் சொன்னேன். அவர் சிரித்தார். "இங்கே அதெல்லாம் நடக்காது, சார்." பின்கட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியோடு தன்னைக் கொண்டுபோகச் சொன்னார் நைனா. தொட்டியில் கொசுப்புழு நெளிந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அடையாற்றில் ஒன்று பார்த்தோம். பாலம் தாண்டி, தோப்பு நடுவே, நல்ல காற்றோட்டமான இடம். எனக்கு அதைப் பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. இங்கேயே விட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம் என்றெல்லாம் நினைத்தேன். சிப்பந்திகள் கனிவாகப் பேசினார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். படுத்திருந்தவர்களை நைனா ஒவ்வொருவராக விசாரித்தார். எல்லோரும் சௌக்கியம், ரொம்ப சௌக்கியம் என்றார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் நைனாவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற சிப்பந்தியைப் பார்த்தார்கள். அதை எனக்குச் சுட்டிக் காட்டியவர் நைனாதான்.

கடைசிக் கட்டிலில் ஒரு வயசான அம்மாள். மணிக்கட்டில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டில் சட்டத்தோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். மல் துணிதான். கையில் காயம்கூட இல்லை.

"புத்தி சரியில்லாதவங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்கம்மா. எழுந்து நடந்து விழுந்துடுவாங்க. அவங்க நல்லதுக்குத்தான்," என்றான் சிப்பந்தி.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் ரிக்ஷாவை நிறுத்தச் சொன்னார் நைனா. ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "விழாம பாத்துக்க ஆள் இல்ல. அதனால கட்டறான்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தத் துணி நாளைக்குத் தன் கையில் இருப்பதாக அவர் நினைத்துப் பார்த்திருப்பார் என்று தோன்றியது. தோப்பையும் காற்றையும் நான் மறந்துவிட்டேன்.

ரிக்ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், இன்னும் எத்தினி எடம் கீது பாக்கறதுக்கு?"

"புடிக்கற வரைக்கும்," என்றார் நைனா.

சாந்தோமில் ஒரு லேடி டாக்டர் நடத்திய இடத்துக்கு நான் அரை மனசோடுதான் போனேன். ஓட்டு வீடு. உப்புக் காற்றில் சுவர்ச் சுண்ணாம்பு உரிந்து தொங்கியது. வாசலில் பெயர்ப் பலகைகூட மங்கிப்போயிருந்தது. பொறுப்பில் இருந்த நர்ஸம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்மணி. வெள்ளைப் புடவையை முழங்கைவரை மடித்த ரவிக்கையோடு கட்டிக்கொண்டு, ஈரக் கையோடு வந்தார்.

நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னேன். "தாராளமாப் பாருங்க. ஆனா இப்பம் துணி மாத்துத நேரம். அதை முடிச்சிட்டு வாறேன்," என்று உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. நடக்க முடியாத மனுஷரை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போகிறாரே என்று முணுமுணுத்தேன். நைனா வலது கையால் என் கையைத் தட்டினார். "உள்ள இருக்கறவன் முதல்ல. நான் இன்னும் வெளி ஆளு."

காத்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல் தெளிவாகக் கேட்டது. "உங்க ஆளு வெச்ச ரசத்துல உப்பும் இல்ல, ஒரைப்பும் இல்ல. இதை மாட்டுக்கு வெச்சா மாடு முட்டும்." அதற்கு நர்ஸம்மா, "உப்பைக் கொறைக்கச் சொன்னது டாக்டரம்மா. அவங்களையே முட்டுங்க," என்று பதில் சொன்னார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். பாரிச வாயு வந்த பிறகு அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கோணலான சிரிப்பு.

நர்ஸம்மா வந்ததும் சமையலறையைப் பார்க்க வேண்டும் என்றார் நைனா. "பாருங்க. கையைக் கழுவிக்கிடுங்க. அந்தக் கோட்டையும் கழத்திருங்க, தெருப் புழுதி," என்றார் அவர். ஊரெல்லாம் சோதனை போட்ட கோட்டைக் கழற்றச் சொன்னதும் நான் பயந்துபோனேன். நைனா சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டினார், நான் கழற்றிவிட்டேன்.

சமையலறையில் குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பானைகளுக்குத் துணி கட்டியிருந்தது. ஊசி காய்ச்சும் பாத்திரம் தனி அடுப்பில். நைனா தன்னை நாற்காலியோடு கட்டில்களுக்கு நடுவே கொண்டுபோகச் சொல்லித் தலையணைகளை அழுத்திப் பார்த்தார். படுத்திருந்தவர்களின் விரல் நகங்களைப் பார்த்தார். ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டு, அவர் முதுகைத் திருப்பிக் காட்டச் சொன்னார். படுக்கைப் புண் இல்லை.

கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார். மற்ற இரண்டு இடங்களிலும் கேட்ட அதே கேள்விதான். அங்கெல்லாம் உடனே, சிரித்துக்கொண்டே, இல்லவே இல்லை என்றார்கள்.

"இங்க யாராவது... விழுந்திருக்காங்களா?"

நர்ஸம்மா முகம் மாறியது. கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னார். "விழுந்திருக்காங்க. பின்கட்டுப் படியில ஒரு ஐயா. இடுப்பு எலும்பு ஒடைஞ்சு போச்சு. நான்தான் அன்னைக்குப் பொறுப்பு. மறுவாரமே படியை இடிச்சிட்டுச் சரிவாக் கட்டச் சொன்னேன். வாங்க, காட்டுதேன்."

சிமெண்டுச் சரிவும் அதை ஒட்டிச் சுவரோடு பிடித்துக்கொள்ள மூங்கில் கழியும் இருந்தன. நைனா அந்தக் கழியை வலது கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இங்கதான்," என்றார்.

ரிக்ஷாவில் வரும்போது எனக்கு மனசு ஆறவில்லை. ஒருத்தர் இடுப்பு ஒடிந்த இடத்திலா உங்களை விடுவேன் என்று கேட்டேன். நைனா வெகு நேரம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு பேசினார். "விழாத மனுஷன் எந்த ஊர்லம்மா இருக்கான். மத்தவங்க மறைக்கறாங்க. இந்தம்மா சொல்றாங்க. சொல்றவங்கதான் சரி பண்ணுவாங்க." இவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது. அரை ஆளாய் ஆகிவிட்டார் என்று ஊரே நினைத்த என் அப்பா, முழு ஆளாய் இருந்தபோது செய்த வேலையை அன்றைக்கும் அப்படியே செய்து முடித்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நைனாவை அங்கேயே சேர்த்தோம். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேராகச் சாந்தோமுக்குப் போவேன். முதல் வாரத்திலிருந்தே அவருக்கும் நர்ஸம்மாவுக்கும் சண்டைதான். ஜன்னலைத் திற என்பார் இவர். ஊதக்காற்று ஆகாது என்று சாத்துவார் அவர். டாக்டரம்மா இருவருக்கும் நடுவில் நின்று, பாதி திறந்திருக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. பட்டினப்பாக்கம் வரைக்கும் தெருவில் முழங்கால் தண்ணீர். சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகக் கலந்து ஓடியது. அக்கம்பக்கத்தில் வாந்தி பேதி கண்டது. நான் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தபோது நைனா பின்கட்டில், கிணற்றடியில், தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா பக்கத்தில் குடை பிடித்து நின்றார். கிணற்றில் போடும் சிவப்பு மருந்தை வாளித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தான் தோட்டக்காரன்.

"இன்னும் கலக்கு. கட்டி இருக்கக் கூடாது," என்றார் நைனா. குரல் கணீரென்று இருந்தது. குழறல் கேட்கவே இல்லை.

தண்ணீர் ரோஜா நிறமாகிற வரை ஊற்றச் சொன்னார். பிறகு கிணற்றைச் சுற்றி மண்மூட்டை அடுக்கச் சொன்னார். அந்த நிறம் வெளுத்தால் மறுபடி ஊற்ற வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். ஜன்னலுக்காக மல்லுக்கு நின்ற அதே நர்ஸம்மா, "சரி ஐயா, நானே பாத்துக்கிடுதேன்," என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேள்விப்பட்டு வந்து, எங்கள் கிணற்றுக்கும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மருந்தைப் பிரித்துக் கொடுத்து, எப்படிக் கரைப்பது என்று நைனா நாற்காலியில் இருந்தபடியே சொல்லிக் கொடுத்தார். அந்த மழைக்காலத்தில் எங்கள் நர்சிங் ஹோமில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. டாக்டரம்மா அவரை அதன்பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா என்றுதான் கூப்பிட்டார். சம்பளம் வாங்கின காலத்தில்கூட அந்தப் பெயரை அவர் அப்படி ரசித்ததில்லை.

இன்னும் இரண்டு கோடைக்காலம் இருந்தார். கழியைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுவரை நடக்கிற அளவுக்குக் காலில் பலம் திரும்பியது. அதற்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஒரு காலை வேளையில் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நர்ஸம்மா தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆள் வந்து சொன்னான். நான் போனபோது அவருக்கு முகம் துடைத்து, தலை வாரி, வெளுத்த வேட்டி கட்டி வைத்திருந்தார்கள்.

மயிலாப்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்து காரியங்கள் நடந்தன. நர்ஸம்மாவும் கூடவே வந்து பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தார். நைனாவைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருமுனை வரைக்கும் நடந்து வந்து, பாடை கண்ணுக்கு மறைகிற வரை நின்றார்.

கூட்டத்தில் ஒரு அத்தை என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "யாரும்மா இவங்க? நம்ம ஆளு மாதிரி தெரியலியே?"

"நைனாவைப் பாத்துக்கினவங்க, அத்தை," என்றேன் நான். "நைனாவே தேடிப் புடிச்சவங்க."

அப்படிச் சொன்னபோது நான் தலை நிமிர்ந்துதான் நின்றேன். பிறகு போய் நர்ஸம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்து வந்தேன்.