நெருப்புக்கும் தொழுவத்துக்கும் நடுவே

ஐம்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. நான் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரன். எஞ்சின் பழுதாகி, ஆப்பிரிக்காவில், அங்கோலாவின் தென்கோடித் துறைமுகம் ஒன்றில் பல நாள் நின்றுவிட்டோம். பிரெஞ்சு தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் அங்கே எனக்குச் சிநேகமானார். உள்நாட்டுக்கு மாவு மூட்டை ஏற்றிக் கிளம்பியவர், "அருவி பாக்க வர்றீங்களா?" என்று கேட்டதும் தொற்றிக்கொண்டேன்.

லாரி போகாத இடத்தில் இறங்கி அரை நாள் நடந்தோம். எங்கள் ஊர் அரசலாற்றில் தண்ணீர் சாவகாசமாக நடந்து போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே ஒரு பெரிய ஆறே பாறை விளிம்பிலிருந்து குதித்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றவன், பாசியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன். ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த இருவர் என்னைத் தூக்கிப் போய்த் தங்கள் குடியிருப்பில் சேர்த்தார்கள். அவர்கள் ஹிம்பா மக்கள். பெண்கள் கூந்தல் முதல் பாதம்வரை செம்மண்ணையும் வெண்ணெயையும் குழைத்துப் பூசியிருந்தார்கள், மேலுக்குத் துணியில்லை. கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். இவர்களுக்கு மார்க்கமென்று ஒன்றும் கிடையாது போலிருக்கிறது என்று மனதுக்குள் ஓர் இளக்காரம் வேறு. அவர்கள் கொடுத்த புளித்த பாலை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் விடியற்காலையில் உட்கார்ந்தபடியே தொழுதேன். பிறகு ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, கன்றுகளைப் பார்க்கலாமென்று தொழுவத்துப் பக்கம் நொண்டிப் போனேன். வழியில் நாலு கட்டைகள் புகைந்துகொண்டிருந்தன. அந்த நெருப்புக்கும் தொழுவத்துக்கும் நடுவே புகுந்தேன்.

ஒரே கூச்சல். பால் கறந்துகொண்டிருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். டிரைவர் பதறி ஓடிவந்தார். "அங்கேயே நில்லுங்க! அது அவங்க முன்னோர் இருக்குற நெருப்பு. வெளியாளு குறுக்க போகக் கூடாது!"

கம்பை ஊன்றியபடி அப்படியே நின்றேன். இவர்கள் கைவிட்டால் லாரிவரை தவழ்ந்துதான் போக வேண்டும். ஆனால் பயத்தைவிட வெட்கம்தான் என்னைப் பிடுங்கித் தின்றது. சற்றுமுன் நான் தொழுதபோது, எனக்குக் குறுக்கே ஓடிவந்த பிள்ளைகளை ஒரு பெண் சத்தமில்லாமல் பிடித்து, சுற்றிப் போக வைத்தாளே! தொழுகிறவருக்கு முன்னால் நடக்கக் கூடாதென்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்தக் குடியிருப்பின் தலைவர் என்னை நெருப்பருகே உட்கார வைத்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு வாய் நிறையத் தண்ணீர் எடுத்து என் முகத்தில் பீச்சியடித்தார். இதுதான் தண்டனை போலும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தால், சுற்றிலும் சிரித்த முகங்கள். முதல் நாள் தூக்கி வந்த அதே இருவர், லாரிவரை என்னைச் சுமந்துபோகத் தயாராக நின்றார்கள்.

ஊர் திரும்பியதும் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். முகத்தில் துப்பியதை மட்டும் சொல்ல வெகுநாள் ஆனது. அவள் சிரித்துவிட்டாள். "இதுக்கா இத்தன நாளு மறைச்சீங்க? நம்ம புள்ளைக்குக் காய்ச்சல்னா தர்காவுல ஓதி ஊதுறாங்கள்ல, அதுதானேங்க இது?"

காரைக்காலைத் தாண்டாதவளுக்கு அது ஒரு நொடியில் விளங்கியது. கடல் தாண்டிப் போன நானோ, அந்த நல்ல மனிதர் கண்ணெதிரிலேயே அவசர அவசரமாக என் முகத்தைத் துடைத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.