சத்தியம் செய்யாத மனிதர்

இங்கே இரவில் காலிப் பால்போத்தலுக்குள் காசு கொடுத்து வாங்கிய டோக்கனைப் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் படுத்துவிடலாம். விடியும்போது பால் இருக்கும். டோக்கனை யாரும் எடுப்பதில்லை. ஒக்லாந்துக்கு வந்த புதிதில் இந்த நம்பிக்கையே என் நித்திரையைக் கெடுத்தது. ஊரில் ஆமி துவக்கோடு நடமாடும் தெருவை எட்டிப் பார்த்த கண்ணல்லவா, இங்கேயும் திரைச்சீலையை விலக்கிப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளென் ஈடனில் எனக்கும் கணவருக்கும் அறை தந்த ஆர்தர் ஒரு குவேக்கர். கிறிஸ்தவத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு அவர்களுடைய கூட்டத்துக்குப் போனோம். பாதிரியார் இல்லை, சிலுவை இல்லை, பாட்டும் இல்லை. வட்டமாக இருந்து எல்லோரும் பேசாமலிருந்தார்கள். ஞானஸ்நானப் பேச்சை எப்போது எடுப்பார்களோ என்று எனக்கு வியர்த்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மிஷன் பள்ளிக்கூட வேலைக்காக பெயர் பதியும் இடாப்பில் சாமுவேலாகவும் வீட்டில் சாமிநாதனாகவும் இருந்தவர் என் அப்பா. சும்மா கிடைக்கும் உதவிக்குப் பிறகு என்ன கேட்பார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர்களோ கைகுலுக்கித் தேநீர் தந்து அனுப்பிவிட்டார்கள்.

எண்பத்துமூன்றில் தமிழர்களைத் தாக்கிய ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம் அது. என் தம்பி யாழ்ப்பாணத்தில் இருந்தான். இளம் பெடியன்களை ஆமி பிடித்துப்போகிறது என்று ஒவ்வொரு கடிதமும் சொன்னது. அவனைக் கூப்பிட, இடமும் சாப்பாடும் தருவேன் என்று இந்த நாட்டுக்காரர் ஒருவர் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். ஆர்தர் உடனே ஒப்புக்கொண்டார். எல்லர்ஸ்லியில் ஒரு லோயரிடம் மூவரும் போனோம். லோயர் பைபிளை நீட்டினார். ஆர்தர் அதன்மேல் கை வைக்கவேயில்லை.

"நான் சத்தியம் செய்வதில்லை."

ஊரில் கோயிலடியில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொல்லும்போது பின்வாங்குகிறவன்தான் கள்ளன் என்று எல்லோருக்கும் தெரியும்.

"உவர் கடைசி நேரத்திலை காலை வாரிப்போட்டார். எழும்பும், போவம்" என்றார் என் கணவர், தமிழில்.

எங்கள் முகம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஆர்தர் திரும்பி, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "இன்றைக்குச் சத்தியம் செய்து உண்மை சொன்னால், நேற்றுச் சத்தியமில்லாமல் நான் சொன்னதெல்லாம் என்ன, பொய்யா? இதற்காக என் முன்னோர்களை இங்கிலாந்தில் சிறையில் போட்டார்கள். பிறகு சட்டம் எங்களுக்கு வழிவிட்டது. அவர்களின் பிள்ளைகள் கப்பலேறி இங்கே வந்து நிம்மதியாகக் கும்பிட்டார்கள். அந்த நிம்மதிக்கு இந்த மண்ணின் பூர்வகுடிகளான மவோரிகளின் நிலம் போனது. அதையும் சொல்லாவிட்டால் நான் பொய்யன்."

லோயர் எதுவும் நடக்காததுபோல வேறொரு வாசகத்தை எடுத்தார். சத்தியம் என்ற சொல் இல்லாமல், உறுதி கூறுகிறேன் என்று மட்டும் அதில் இருந்தது. ஆர்தர் வாசித்துக் கையெழுத்திட்டார். அடுத்தது நான். இவன் என் கூடப்பிறந்தவன் என்று சொல்ல வேண்டும். எந்தப் புத்தகம் வேண்டும் என்று லோயர் கேட்டார். எங்களுக்குப் புத்தகமில்லை, நெருப்புத்தான். அதை அந்தக் கம்பளம் விரித்த அறையில் எப்படிச் சொல்வது? "அவருக்குத் தந்ததையே தாருங்கோ" என்றேன்.

பஸ்ஸில் கணவர் கேட்டார்: "கற்பூரம் கொளுத்தாமல் சொன்னது சாமிக்குக் கேட்குமே?"

"ஓம், கேட்கும்" என்றேன். பயமாகத்தான் இருந்தது. தம்பிக்கு ஏதும் நடந்தால் அந்தக் குறையால்தான் என்று ஆயுளுக்கும் நினைப்பேன்.

அன்று பின்னேரம் குசினியில் அடுப்பருகே முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் வைத்து நெருப்புக்குச்சியைக் கிழித்தேன். இப்போது கொளுத்தினால், காலையில் நான் சொன்னது என்ன? குச்சி விரலைச் சுடும்வரை பிடித்திருந்துவிட்டு ஊதி அணைத்தேன். கற்பூரத்தைத் திரும்ப டப்பாவுக்குள் போடவும் மனம் வரவில்லை. தம்பியின் விசா வரும்வரை அது கொளுத்தப்படாமலே தட்டில் கிடந்து, நாளுக்கு நாள் காற்றில் கரைந்துகொண்டிருந்தது.