பெண்ணின் பெயர் வரும் இடம்

சென்ற ஆண்டு வைகாசியில், கத்திரி வெயில் முடிந்த மறுவாரம், இண்டூரில் என் அண்ணன் மகளுக்கு நலங்கு நடந்தது. குடும்பத்தில் நடக்கும் நல்லது கெட்டதுகளை நாள், கிழமை, திதியோடு எழுதி வைப்பது என் பழக்கம். அந்த மாலையைப் பற்றி மட்டும் "நலங்கு நல்லபடி நடந்தது" என்பதற்கு மேல் அன்று எழுத வரவில்லை. இப்போதுதான் வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நலங்குக்கு உட்காரும் பெண்ணுக்கு அத்தைதான் பாட்டெடுக்க வேண்டும். அத்தை தொடங்காமல் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாட்டின் நடுவே பெண்ணின் பெயரைச் சேர்த்துப் பாட வேண்டும். பாட்டிலேயே உயரமான இடம் அதுதான். மற்ற அடிகளெல்லாம் அந்தப் பெயரை நோக்கித்தான் ஏறும்.

அதை எடுப்பவர் என் அக்கா. அவர் சுருதி ஐந்தரைக் கட்டை. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ச' என்று வைத்துக்கொண்டு பாடுகிறோமோ அதுதான் நம் சுருதி; எண் ஏற ஏறச் சுருதியும் உயரும்; பெண்கள் என்றால் ஐந்து, ஐந்தரை என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அக்கா பெயரை எடுத்து, ஒரு மூச்சு அங்கேயே நிறுத்துவார். பந்தலுக்குப் பின்னால் சமையல்காரர்களின் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிடும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூடப் பாடுவேன். பெயர் வரும் இடத்தில் வாயை மட்டும் அசைப்பேன். அங்கே என் குரல் போகாது. "எந்தங்கச்சிக்கு ஆம்பளத் தொண்ட. மாறிப் பொறந்துட்டா" என்று அக்கா கேலி செய்வார். நானும் சிரித்துக்கொள்வேன்.

அதற்கு முந்தைய ஆண்டு, பொங்கல் கழிந்து, அக்காவின் கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டி வந்தது. உயர்ந்த சுரங்கள் போய்விடக்கூடும் என்று மருத்துவர் முன்னதாகவே சொல்லியிருந்தார். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. மேல் சுரங்கள் திரும்பவில்லை. பாடலாம், வலிந்து இழுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியும், அக்கா பாட்டையே விட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் குறித்தார்கள். அந்தத் தலைமுறையில் கடைசிப் பெண் அவள். அவளுடைய அக்காவின் நலங்கில் என் அக்கா பாடியதைக் கைப்பேசியில் எடுத்த காணொளி அண்ணனிடம் இருந்தது. "இதையே ஸ்பீக்கர்ல போட்டுரலாம். நல்லாத்தான் கேக்குது" என்றார் அண்ணன்.

"அதுல அக்கா பேரு இருக்குதுப்பா. எம் பேரு இல்லியே" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே. என் அக்கா எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

இரண்டொரு நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். கதவுக்கு வெளியிலேயே கேட்டது. பழைய ஐந்தரையில் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வரும் இடத்தில் குரல் கிழிந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி கிழிந்தது.

"கொஞ்சம் கொறச்சுப் பாடலாமில்லக்கா?"

"கொறச்சுப் பாடறதுக்குப் பாடாமயே இருந்துக்கலாம். அந்தப் பேரு மேல நிக்கணும் புள்ள."

குரல்களின் வகை பற்றிப் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். மேல்நாட்டில் பெண்குரலையே உயர்ந்தது சொப்ரானோ, தாழ்ந்தது ஆல்ட்டோ என்று பிரிப்பார்கள் என்பதெல்லாம் தெரியும். என் குரல் எது என்று மட்டும் நான் பார்த்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. "எனக்கு என்ன சுருதின்னு பாக்கணும், தருமபுரி வரைக்கும் தொணைக்கு வா" என்று அக்காவைக் கூப்பிட்டேன். "இந்த வயசுலயா?" என்று சிரித்தாலும் கிளம்பி வந்தார். அவருக்காக என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

துணிக்கடை மாடியில் ஒரு சின்ன அறை. கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர் ஒருவர் அங்கே வகுப்பு நடத்துகிறார். நான் உட்கார்ந்ததுமே அக்கா தொடங்கிவிட்டார்.

"தம்பி, இவள பொம்பளைங்க கட்டையில வெச்சுராதீங்க. எங்க வூட்ல இவதான் ஆம்பள."

"அப்ப மொதல்ல பேசச் சொல்லுங்கக்கா. பேசற எடத்துல இருந்தே கெளம்புவோம்" என்றார் அவர்.

என்னைப் பேசவிட்டு, அந்தச் சுரத்தைக் கீபோர்டில் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறக்கினார், குரல் வெறும் காற்றாகும் வரை. பிறகு மேலே ஏற்றினார். "மோவாய் தூக்குது பாருங்க, அதோட போதும். எது வரைக்கும் எட்டுதுங்கறது ஒண்ணு. எங்க நின்னா களைப்பு வர்லீங்கறது வேற. உங்களுக்கு நாலு கட்டைதாங்க."

"ஆல்ட்டோன்னு சொல்வாங்களே, அதுங்களா?"

"பேரு என்னவோ இருக்கட்டுங்க. நல்லா நிக்குது."

நான்கு கட்டையில் எங்கள் நலங்குப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. இத்தனை காலம் வாயை மட்டும் அசைத்த இடத்தில் முழுக் குரலில் பாடினேன். அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

கீபோர்டுக்காரருக்கு அக்காவின் அறுவை சிகிச்சை பற்றித் தெரியாது. "நீங்களும் ஒருக்கா பாருங்களேன்" என்றார், சாதாரணமாக. மறுப்பார் என்று நினைத்தேன். அக்கா வந்து உட்கார்ந்தார்.

கீழே இறங்க இறங்கக் குரல் விழாமல் போய்க்கொண்டே இருந்தது. சற்றுக் கரகரப்பு, ஆனால் கிழிசல் இல்லை. தன் வாழ்நாளில் அக்கா அந்தப் பக்கம் இறங்கிப் பார்த்திருக்கவே மாட்டார். ஏறும்போது சீக்கிரமே மெலிந்து, நின்றுவிட்டது. கீபோர்டுக்காரர் அடுத்த கட்டையைத் தொடவில்லை.

"இங்கயே நிறுத்திக்கலாங்கக்கா. உங்களுக்கும் அந்த நாலையே வெச்சுப் பாருங்க."

அக்கா தொடங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன். பெயர் வரும் இடத்தில் அவர் குரல் பழையபடி மினுங்கவில்லை. ஆனால் நின்றது. பாட்டை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருசமா நீ இங்கதான் இருந்தியா புள்ள?"

விட்ட இடத்திலிருந்து நான் பாட்டை மறுபடி எடுத்தேன்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தவர், ஊர் நெருங்கியதும் கேட்டார்: "அஞ்சர இனிமே வராதில்ல?"

"வராதுக்கா."

தலையை ஆட்டிக்கொண்டார்.

நலங்கன்று கைப்பேசியில் சுருதிப்பெட்டியை நான்கில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே தொடங்கினோம். முதல் அடி முடிந்ததும் சித்தி முறை ஒருவர் குனிந்து, "என்னாடி, இந்தத் தடவ எறக்கி எடுக்கறீங்க?" என்றார்.

"எந்தங்கச்சி வூட்டுக்குக் குடி வந்துட்டேன் சித்தி" என்றார் அக்கா. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பெயர் வரும் இடம் நெருங்கியது. அக்காவின் கை என் முழங்காலைப் பற்றியது. நான் வாயை மட்டும் அசைக்காமல் முழுக் குரலில் பாடினேன். கன்னத்தில் சந்தனத்தோடு குனிந்திருந்த பெண், தன் பெயர் கேட்டதும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். பின்னால் கரண்டிச் சத்தம் இந்த முறை நிற்கவில்லை. அது எங்கள் இருவருக்குமே கேட்டது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் நானும் நான்கு கட்டையில் சேர்ந்து பாடுகிறோம். என் குரல் எங்கே நிற்கும் என்று ஒருவழியாக எனக்குத் தெரிந்துவிட்டது; ஆனாலும் அந்தப் பெயர் வரும் இடத்தில் என் காது மட்டும் இன்னும் ஐந்தரைக்குத்தான் காத்திருக்கிறது.