ஏணியில் வைத்த கை

இதைக் கட்டுக்கதை என்று நினைத்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். தாராவியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறவன் நான். எது சத்தம் போட்டாலும் ஏதாவது ஒன்று அதிர்ந்தே ஆகவேண்டும் என்று வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவன். பேய், பிசாசெல்லாம் என் வாயில் வராது. ஆனால் பக்கத்து வீட்டு மாரிக்கண்ணனுக்கு நடந்ததற்கு என்னுடைய இந்த வலது கையே சாட்சி.

கட்டிடங்களில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது அவனுக்கும் தம்பி பூதத்தானுக்கும் தொழில். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன் மாரிக்கண்ணன். பேர்தான் பூதத்தான், பல்லியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறிவிடுவான். அதனால் அண்ணன் ஒரு ஏற்பாடு வைத்திருந்தான். தம்பி உள்ளே இறங்கியதும் இவன் மேலே குந்தி, இரும்பு ஏணியை உள்ளங்கையால் பிடித்திருப்பான். தம்பி அவ்வப்போது சுரண்டியால் ஏணியை இரண்டு தட்டுத் தட்டவேண்டும். நல்லாயிருக்கேன் என்று அர்த்தம். அந்த அதிர்வு இரும்பு வழியாக ஓடி வந்து கையில் சுருக்கென்று தெரியும். பம்பு இரைச்சலில் காது ஏமாந்தாலும் கை ஏமாறாது.

போன ஏப்ரலில் மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டிடம். தரைக்கு அடியில் தொட்டி, அதன் வாய் ஒரு ஆள் நுழையும் அளவுதான், ஏணி உள்சுவரோடு பதித்தது. மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள், அதற்குள் முடிக்கவேண்டும். வேலை நடப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் கட்டிடத்துச் செக்ரட்டரி வெங்கடேஸ்வரன். மாரிக்கண்ணன் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தம்பி இடுப்பில் கயிற்றைக் கட்டினான். கழுவியாயிற்று. கடைசியாகத் துடைக்கவேண்டியதுதான் பாக்கி.

"மூச்சு முட்டுனா கூப்பிடுல."

"சரிண்ணே."

மணி இரண்டு இருபது. பூதத்தான் இறங்கினான்.

டக்... டக்.

வெளிச்சத்துக்கு ஒரு டார்ச்சைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தம்பியின் தோள் பட்டு அது ஊசலாடியது. ஆடுகிற எதுவும் கொஞ்சங்கொஞ்சமாக அடங்கவேண்டும். இது அடங்கவில்லை. பத்து நிமிஷம் கழித்தும் அதே வீச்சு, அதே வேகம். ஊஞ்சலை யாரோ விடாமல் தள்ளுவதுபோல் இருந்தது.

தம்பிதான் விளையாடுகிறான் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

டக்... டக்.

ஒழுங்காக வந்தது. ரொம்ப ஒழுங்காக.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காதில் சத்தம் கேட்கிறது... கையில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்தான்.

டக்... டக்.

ஏணி அதிரவே இல்லை.

"ஏல, பூதத்தான்..."

டக்... டக்.

கயிற்றை இழுத்தான். கனத்தது. உயிரைக் கொடுத்து இழுத்தான். தம்பியின் தலை மேலே வந்தது. டார்ச் ஆடாமல் நின்றிருந்தது.

தம்பி கண்ணைத் திறந்தான். மாரிக்கண்ணன் அவனைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளைபோல் அழுதான். பிறகு தொட்டியை மூடிவிட்டு, வீடியோவை அனுப்பிவிட்டு, டாக்ஸியில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வழியெல்லாம் தம்பி வாயே திறக்கவில்லை. பயந்துபோயிருக்கிறான், சரியாகிவிடும் என்று இவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

இரவு ஏழரைக்குத் தம்பி சாப்பிட உட்கார்ந்தபோது செக்ரட்டரி போன் செய்தார்.

"மாரி, தொட்டிக்குள்ள எத்தனை பேர் இறங்கினா?"

"தம்பி மட்டுந்தான் சார்."

"வீடியோல அவன் வெளில வந்தப்பறமும் உள்ளேருந்து யாரோ கூப்பிட்டுண்டே இருக்காளேப்பா."

மாரிக்கண்ணன் போனைக் காதோடு ஒட்டிவைத்து வீடியோவை ஓட்டினான். தட்டுகிற சத்தம் எங்குமே பதியவில்லை. அது வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு குரல் இருந்தது. "அண்ணே... தூக்குண்ணே..." தம்பியின் குரல்.

இவன் கட்டிக்கொண்டு அழுகிற சத்தத்துக்குப் பின்னாலும் அதே குரல்.

"அண்ணே... அது நான் இல்லண்ணே..."

அப்புறம் மூடி விழுகிற சத்தம்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் எவர்சில்வர் தட்டை விரலால் தட்டினான். சோறு கேட்கிறான்.

டக்... டக்.

மாரிக்கண்ணன் மெல்லக் கையை நீட்டித் தட்டின்மேல் வைத்தான்.

டக்... டக்.

தட்டு அதிரவில்லை.

என் கதவை இடித்து என்னையும் இழுத்துக்கொண்டுதான் மாட்டுங்காவுக்கு ஓடினான். வாட்ச்மேன் கிருஷ்ணா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"பானி பர் கயா, பாய். ஆறு மணிக்கே தண்ணி ரொம்பிடுச்சு."

மூடியைத் திறந்தோம். விளிம்புவரை தண்ணீர். மேலே ஒரு சலனம்கூட இல்லை.

மாரிக்கண்ணன் ஏணியில் கை வைத்தான். அவன் முகம் கோணியது. என் வலது கையைப் பிடித்து அங்கே வைத்தான்.

சத்தமே இல்லை...

ஆனால் இரும்பு அதிர்ந்தது. இரண்டு முறை. கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டு முறை.